சம்பளம் நின்ற கடையில் காத்திருப்பதா, கிளம்புவதா?

ஈரோட்டில் நான் 11 ஆண்டுகள் வேலை பார்த்த மின்னணுப் பொருள் கடையில், சம்பளம் தாமதமாவதற்கு மூன்று மாதம் முன்பே தொலைக்காட்சிப் பெட்டிகள் மாட்டியிருந்த சுவரில் வெற்றிடங்கள் விழத் தொடங்கின. விற்றுப்போன பெட்டியின் இடத்துக்கு மாற்றுப் பெட்டி வரவில்லை. சுவரில் நான்கு திருகுகளும் தூசி படியாத ஒரு செவ்வகமும் மட்டும் நின்றன. பிறகு உற்பத்தி நிறுவனங்கள், தம் பொருளை விற்க எங்கள் கடையில் நிறுத்தியிருந்த புரோமோட்டர்களை ஒவ்வொருவராக வேறு கடைகளுக்கு மாற்றிக்கொண்டன. ஆடித் தள்ளுபடிக்கு வரவேண்டிய சரக்கு, முன்பணம் கட்டினால்தான் வரும் என்ற நிலை வந்தது. 7ஆம் தேதி வந்துகொண்டிருந்த சம்பளம் 20ஆம் தேதிக்குத் தள்ளிப்போய், பாதியாகி, கடைசியில் "தீபாவளி முடியட்டும், எல்லாம் சேத்திக் குடுத்தர்றோம்ங்க" என்ற ஒற்றை வாக்கியமாகச் சுருங்கியது. அந்த வாக்கியத்தை நம்பி நாங்கள் நான்கு மாதம் சம்பளமின்றி நின்றோம். இன்று அதே நிலையில் கோவையிலோ திருப்பூரிலோ கரூரிலோ நிற்கும் ஒருவர் அந்த நான்கு மாதத்தை இழக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவர் முன்னே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நாங்கள் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொண்டோம். வரவேண்டிய பணத்தை எந்த வழியில் கேட்பது என்பது ஒன்று. அடுத்த மாதச் சோற்றுக்கு எங்கே வேலை பார்ப்பது என்பது மற்றொன்று. கடையை விட்டுப் போனால் பாக்கியும் போய்விடும் என்ற அச்சம்தான் இரண்டையும் முடிச்சுப்போடுகிறது. அந்த அச்சத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்த பின்னரும் பழைய கடையின் நிலுவைக்கு முழு உரிமையோடு கோரிக்கை வைக்கலாம். ஆனால் எப்படிக் கிளம்பினோம் என்பதைப் பொறுத்து அந்தக் கோரிக்கையின் தொகை மாறும்.

பெரிய நாடுகளிலும் இத்தகைய சங்கிலிக் கடைகள் கண்மூடித் திறப்பதற்குள் மறைந்திருக்கின்றன. அமெரிக்காவின் சர்க்யூட் சிட்டி 2008 நவம்பரில் நொடிப்பு (திவால்) மனு போட்டது. 2009 ஜனவரியில் எல்லாக் கடைகளையும் மூடும் முடிவு வந்தது. மார்ச்சுக்குள் 567 கடைகளும் 30,000க்கு மேற்பட்ட வேலைகளும் இல்லாமல் போயின. மனு போடுவதற்கு முந்தைய ஆண்டு, 2007 மார்ச்சில், சம்பளம் அதிகம் என்று காரணம் காட்டி அனுபவமுள்ள 3,400 விற்பனையாளர்களை அதே நிறுவனம் வெளியேற்றியிருந்தது. வாடிக்கையாளருக்கு நின்று விளக்கிச் சொல்லத் தெரிந்தவர்களைச் செலவாக மட்டும் பார்க்கும் கடைக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. பிரிட்டனின் காமெட் 2012 நவம்பர் தொடக்கத்தில் நொடிப்பு நிர்வாகியின் கைக்குப் போய், டிசம்பர் 18இல் கடைசிக் கடையையும் மூடியது. ஊழியர்களிடம் முறையாகக் கலந்தாலோசிக்காமல் ஆட்குறைப்புச் செய்ததற்காகத் தொழிலாளர் தீர்ப்பாயம் 2014இல் அவர்களுக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஆஸ்திரேலியாவின் டிக் ஸ்மித் 2016 ஜனவரியில் வீழ்ந்தபோது 363 கடைகள் மூடப்பட்டன. நம்மிடையே, சென்னையில் தொடங்கி மளிகையும் மருந்தும் செல்பேசியும் விற்று நாடு முழுவதும் சுமார் 1,600 கடைகளாக வளர்ந்த சுபிக்ஷா 2009இல் சம்பளம் கொடுக்க முடியாமல் முடங்கியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முதலாளி நொடித்துப்போனால் ஊழியரின் நிலுவையில் ஒரு பகுதியை அரசே கொடுத்துவிட்டுப் பிறகு நிறுவனத்தின் சொத்திலிருந்து வசூலித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. இந்தியாவில் அப்படியொரு ஊதிய உத்தரவாத நிதி இல்லை. கடையின் சொத்தில் மிஞ்சுவதிலிருந்துதான் நமக்கு வர வேண்டும். மின்னணுக் கடையில் மிஞ்சுவதோ மிகக் குறைவு: கட்டடம் வாடகை, சரக்கு வங்கிக்கு அடமானம், காட்சிக்கு வைத்த பெட்டிகளில் பல உற்பத்தி நிறுவனத்துக்குச் சொந்தம். ஆலை மூடினால் நிலமாவது இருக்கும். கடை மூடினால் கண்ணாடிக் கதவும் குளிர்சாதனக் கருவியும் மிஞ்சும். ஆகவே, பாக்கி சேரச் சேர நம் கோரிக்கை வலுப்பெறுகிறது என்று எண்ணக் கூடாது. கிடைக்க வாய்ப்பில்லாத தொகையைத்தான் நாம் பெருக்கிக்கொண்டிருக்கிறோம்.

காத்திருப்பதும் கிளம்புவதும்

காத்திருப்பதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்க காரணங்கள் உண்டு. தானாக எழுதிக்கொடுத்து விலகுபவருக்கும், கடை மூடப்பட்டதால் வேலை இழப்பவருக்கும் வரவேண்டிய தொகை வேறு வேறு. கணக்கிடத்தக்க மாத ஊதியம் 15,000 ரூபாய், பணிக்காலம் 11 ஆண்டு என்று கொள்வோம். பணிக்கொடை (கிராஜுவிட்டி), ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்கினால் சுமார் 95,000 ரூபாய் வரும். இது விலகியவருக்கும் உண்டு, ஐந்து ஆண்டு தொடர் பணி இருந்தால் போதும். கடை மூடப்பட்டு வேலை போனவருக்கு இதற்கு மேல் ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் 82,500 ரூபாய் இழப்பீடும், முன்னறிவிப்புக்கு ஈடாக ஒரு மாத ஊதியம் 15,000 ரூபாயும் சேரும். ஆக, "சொந்தக் காரணங்களால் விலகுகிறேன்" என்று எழுதும் ஒரு வரி 97,500 ரூபாய்க் கோரிக்கையை அழித்துவிடுகிறது. எங்கள் கடையில் கடைசி மாதம் மேலாளர் ஒருவர் அச்சடித்த விலகல் கடிதங்களைக் கொண்டுவந்து, கையெழுத்திட்டால் ஒரு மாதச் சம்பளம் உடனே கிடைக்கும் என்றார். குழந்தைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த இருவர் கையெழுத்திட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் காகிதத்தின் விலை அன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

நட்டம் வந்ததால் மூடுகிறோம், ஆகவே இழப்பீடு தர வேண்டியதில்லை என்றும் சொல்வார்கள். தவிர்க்க முடியாத காரணத்தால் மூடினால் இழப்பீட்டை மூன்று மாத ஊதியத்தோடு நிறுத்திக்கொள்ளச் சட்டம் இடமளிப்பது உண்மைதான். ஆயினும் பண நெருக்கடியும் விற்காமல் தேங்கிய சரக்கும் அத்தகைய காரணங்கள் ஆகா என்று 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டமே விளக்கிச் சொல்லியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆண்டுக்கு 15 நாள் என்ற கணக்கு அவற்றிலும் தொடர்கிறது. வேலை போனால் நிலுவை ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்று புதிய ஊதியத் தொகுப்பு சொல்கிறது. நொடித்த கடை அதைச் செய்யாது என்றாலும், நாம் எழுதும் மனுவில் குறிப்பிட அது வலுவான விதி.

இத்தனைக்குப் பிறகும் என் தீர்ப்பு, கிளம்புவதன் பக்கமே சாய்கிறது. இரண்டாவது சம்பளம் தவறியதும் வேறு வேலை தேடத் தொடங்கிவிட வேண்டும். ஆனால் விலகல் கடிதம் கொடுக்கக் கூடாது. அதற்குப் பதிலாக, இத்தனை மாத ஊதியம் வராததால் பணியைத் தொடர இயலவில்லை, நிலுவையைத் தருக என்று தேதியிட்டு எழுதி, பதிவு வசதியுள்ள விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்), பட்டுவாடாவுக்கான சான்றும் கேட்டு, தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் நகலும் அஞ்சல் ரசீதும் பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்கப்படும் காகிதங்கள். முறையான ஆட்குறைப்பு உத்தரவுக்கு உள்ள பலம் அந்தக் கடிதத்துக்கு இல்லை. எதிர்த்தரப்பு வாதாடவும் செய்யலாம். சம்பளமே இல்லாமல் ஆறு மாதம் நின்று அந்த உத்தரவுக்காகக் காத்திருப்பதைவிட இந்தக் குறைபாட்டை ஏற்பது மேல்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கடையின் நொடிப்பு வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணி ஊழியர்கள் அப்போதுதான் ஓடுகிறார்கள். உண்மையில் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் நொடிப்பு மனுவை ஏற்று, நிறுவனத்தைத் தற்காலிகமாக நடத்தும் இடைக்காலத் தீர்வு அலுவலரை அமர்த்திய பிறகு, அவர் கடையை நடத்த நம்மை வைத்துக்கொண்டு நாம் உண்மையாகவே வேலையும் செய்தால், அந்தக் காலத்துச் சம்பளம் நடைமுறைச் செலவாகக் கருதப்பட்டு எல்லாக் கடன்களுக்கும் முன்னால் வரும். வேலை செய்தவர்களுக்கே இந்த முன்னுரிமை, பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஒரு கப்பல் கட்டும் நிறுவனத்தின் வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே ஆபத்தான காலம் வழக்குக்கு முந்தைய மாதங்கள்தான். நாங்கள் நின்ற நான்கு மாதம் அந்தக் காலம்.

பாக்கியைக் கேட்கும் இடங்கள்

எந்தக் கதவைத் தட்டுவது என்பது கடையின் சட்ட வடிவத்தைப் பொறுத்தது. கொங்கு நாட்டில் பல கிளைகளாகப் பரந்த கடைகளிலும் கணிசமானவை குடும்பக் கூட்டு நிறுவனங்கள், அதாவது பார்ட்னர்ஷிப். 2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத் தொகுப்பில் கூட்டு நிறுவனங்களுக்கான பகுதி இன்னும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. எனவே பில்லின் தலைப்பில் பிரைவேட் லிமிடெட், லிமிடெட், எல்.எல்.பி. என்று ஏதாவது இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றால் தீர்ப்பாயத்தை மறந்துவிட்டுத் தொழிலாளர் துறையிடமே போக வேண்டும். அப்படிப்பட்ட கடையில் ஓர் அனுகூலமும் உண்டு: கூட்டாளிகளின் சொந்தச் சொத்துக்கும் பொறுப்பு நீளும். வரையறுக்கப்பட்ட நிறுவனத்தில் அது பொதுவாக நீளாது.

லிமிடெட் நிறுவனமாக இருந்தால், தொழிலாளர் துறை வழியைத் தீர்ப்பாயம் மனுவை ஏற்பதற்கு முன்பே தொடங்கிவிடுவது நல்லது. ஏற்ற நாளிலிருந்து தடைக்காலம் தொடங்கும். வசூலிக்கும் நடவடிக்கைகள் அப்படியே நின்றுவிடும். அதற்கு முன் பணிக்கொடைக்கோ ஊதியத்துக்கோ ஓர் உத்தரவு வாங்கிவிட்டால் அது பின்னர் கோரிக்கைக்குச் சான்றாகும். இந்த வழியில் செலவு குறைவு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் வகுப்பினருக்கும், தொழிலாளர்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார். கோவை, ஈரோடு, சேலம் என்று ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அந்த அலுவலகம் இருக்கிறது. கூச்சப்பட்டு அங்கே போகாதவர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தீர்ப்பாய வழியில் பெரிய இடர் தேதியைத் தவறவிடுவது. இடைக்கால அலுவலர் அமர்த்தப்பட்டதிலிருந்து 14 நாளுக்குள் கோரிக்கைகளை அனுப்பச் சொல்லிப் பொது அறிவிப்பு வெளியிடப்படுகிறது. தவறியவர்களும் தாமதமாக அனுப்ப விதியில் இடமிருக்கிறது. தொடக்க நாளிலிருந்து 90 நாளுக்குள் அனுப்பிவிடுவது பாதுகாப்பு. அறிவிப்பு பெரும்பாலும் நிறுவனத்தின் பதிவு அலுவலகம் இருக்கும் ஊரின் நாளிதழில் வரும். தலைமை அலுவலகம் சென்னையிலோ பெங்களூருவிலோ இருந்தால் கோபியிலும் பொள்ளாச்சியிலும் இருப்பவர் கண்ணில் அது படாது. நொடிப்பு மற்றும் திவால் வாரியத்தின் இணையதளத்திலும் அறிவிப்பு வெளியாகிறது. கிளையில் ஒருவர் வாரம் ஒருமுறை அதைப் பார்ப்பதை வேலையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். தொழிலாளருக்கும் ஊழியருக்கும் உரியது "டி" படிவம். பலர் சேர்ந்து ஒருவரைப் பிரதிநிதியாக்கி அனுப்ப "இ" படிவம் இருக்கிறது. நான் இரண்டாவதைப் பரிந்துரைப்பேன்: தனியாக அனுப்பிய படிவங்களில் வங்கிக் கணக்கு அறிக்கை இல்லை, பணியில் சேர்ந்த தேதி இல்லை என்று குறை சொல்லிக் கோரிக்கைத் தொகையைக் குறைத்தபோது, சேர்ந்து அனுப்பியவர்களிடம் ஒருவரின் குறையை இன்னொருவரின் ஆவணம் நிரப்பியது.

நிறுவனம் கலைக்கப்பட்டால் முதலில் நடைமுறைச் செலவு. அடுத்த படியில், தன் அடமான உரிமையை விட்டுக்கொடுத்த வங்கிகளோடு சமநிலையில், தொழிலாளர்களின் 24 மாத நிலுவை. அதற்கடுத்து, தொழிலாளர் என்ற வரையறைக்குள் வராத ஊழியர்களின் 12 மாத நிலுவை. இதில் கடை ஊழியர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. சம்பளம் உயர்த்தாமல் பட்டம் கொடுப்பது நம் தொழிலின் வழக்கம். பத்துப் பேர் வேலை பார்க்கும் தளத்தில் மூன்று "டீம் லீடர்", இரண்டு "ஃப்ளோர் மேனேஜர்" இருப்பார்கள். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் புதிய தொழில் உறவுத் தொகுப்பின்படி தொழிலாளர் வரையறைக்கு வெளியே போகிறார். சட்டம் பட்டத்தைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைப் பார்க்கிறது. பில் போட்டதற்கும், சரக்கு இறக்கியதற்கும், வாடிக்கையாளர் வீட்டில் பொருத்திக்கொடுத்ததற்கும் கையெழுத்துள்ள தாள்களைப் படம் எடுத்து வைத்திருந்தால் இந்த இடத்தில் அவை பயன்படும்.

இந்த இரண்டு வழிகளையும்விட உறுதியானது, வருங்கால வைப்பு நிதி. கலைக்கப்படும் நிறுவனத்தின் சொத்துக்குள் அந்த நிதி சேராது. வங்கியும் அதைத் தொட முடியாது. ஆனால் கட்டிய பணம்தான் நிதியில் இருக்கும். சம்பளத்தில் 12 விழுக்காடு பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கட்டாமல் விடுவது நொடிக்கும் கடைகள் முதலில் செய்யும் காரியம். பாஸ்புக்கை அரசின் உமங் செயலியில் மாதந்தோறும் பார்த்தால் இது தெரிந்துவிடும். பிடித்த பணத்தைக் கட்டாதது நம்பிக்கை மோசடியாகக் கருதப்படும் குற்றம் என்பதால் இந்தப் புகாருக்கு மற்றப் புகார்களைவிட நிறுவனங்கள் சீக்கிரம் அசைகின்றன. கையில் காசில்லை என்று முழுத் தொகையையும் எடுத்துவிடுவதை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி தேவை. எட்டு ஒன்பது ஆண்டு முடித்தவர் பழைய கணக்கைப் புதிய வேலைக்கு மாற்றிக்கொள்வதே சரி.

ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் பலருக்கு அது சிங்காநல்லூர் மருத்துவமனைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இருக்கிறது. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்குப் பொருந்தும் அந்தக் காப்பீட்டில் வேலையிழப்பு உதவியும் உண்டு. அடல் பீமித் வ்யக்தி கல்யாண் திட்டம் நடப்பில் இருக்கும்போது சராசரி ஊதியத்தின் பாதி, வாழ்நாளில் ஒருமுறை, 90 நாள் வரை கிடைக்கும். கடை மூடலாலோ ஆட்குறைப்பாலோ வேலை போனவருக்கு ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் திட்டத்தில் 24 மாதம் வரை படி கிடைக்கும்: முதல் 12 மாதம் ஊதியத்தில் 50 விழுக்காடு, அடுத்த 12 மாதம் 25 விழுக்காடு. வேலை ஏன் போனது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். விருப்ப ஓய்வு பெற்றவருக்கு உதவி இல்லை. விலகல் கடிதத்தில் கையெழுத்திடாதீர்கள் என்று நான் மேலே மன்றாடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த வேலை

இன்னொரு மின்னணுக் கடையில் சேருவது எளிதானது. மேட்டூர் சாலையிலும் காந்திபுரத்திலும் அவிநாசி சாலையிலும் ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடைக்காரர் அதே வாரம் ஆளைக் கூப்பிடுகிறார். ஏனென்றால் பத்தாண்டு நின்ற விற்பனையாளரோடு அவருடைய வாடிக்கையாளர்களும் வருவார்கள். பெண்ணுக்குச் சீர் கொடுக்கக் குளிர்பதனப் பெட்டி வாங்கியவர், அடுத்த பெண்ணின் முகூர்த்தத்துக்கும் அதே ஆளைத்தான் தேடுவார். இந்த மதிப்பைப் பேரம் பேசும்போது சொல்லத் தயங்கக் கூடாது. நிலையான சம்பளம் குறைவாகவும் டார்கெட் இன்சென்டிவ் அதிகமாகவும் வைத்துப் பேசுவார்கள். வைப்பு நிதியும் பணிக்கொடையும் பெரும்பாலும் நிலையான சம்பளத்தின் மேல் கணக்கிடப்படும் என்பதால் மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறாமல் இருக்க வேண்டும். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. புதிய கடைக்கு நேர்காணலுக்குப் போகும்போது பில் போடும் இடத்தின் பின்னால் நாற்காலி இருக்கிறதா என்று நான் பார்ப்பேன். ஊழியரை எப்படி நடத்துகிறார்கள் என்பதை அது சொல்லிவிடும். இந்த வழியின் குறை, அதே தொழிலின் அதே நோய் அங்கேயும் வரலாம் என்பதே. இணைய விற்பனையும் குறுகிய லாபமும் ஒரு கடையோடு நிற்பவை அல்ல.

புரோமோட்டர் வேலை, கடை மூடினாலும் அடுத்த கவுண்டருக்கு மாற்றப்படும் என்ற பாதுகாப்பைக் காட்டுகிறது. கடையின் நொடிப்பால் அவர் சம்பளம் பாதிக்கப்படுவதும் இல்லை, ஏனெனில் அவர் கடையின் ஆள் அல்லர். அதே நேரம் பெரும்பாலும் உற்பத்தி நிறுவனத்தின் ஆளும் அல்லர். இடையில் ஓர் ஆள்வழங்கும் முகவர் இருப்பார், நியமனக் கடிதம் அவர் பெயரில் வரும். வெயில் காலம் முடிந்ததும் குளிர்சாதனப் பிரிவில் ஆள் குறைப்பது சாதாரணம். வீட்டுக் கடன் தவணை உள்ளவர் இதை ஓராண்டுக்கு இடைத்தங்கலாகக் கொள்ளலாம்.

என் மனம் அதிகம் நிற்பது பழுதுபார்க்கும் தொழிலில். இது எல்லோருக்கும் ஆகாது; கூரை மேல் ஏறவும், மே மாத வெயிலில் மொட்டை மாடியில் கம்ப்ரசர் பக்கத்தில் ஒரு மணி நேரம் குந்தவும் உடல் ஒத்துழைக்க வேண்டும். ஆனால் கொங்கு நாட்டின் தட்பவெப்பமும் தண்ணீரும் இந்தத் தொழிலுக்கு ஆண்டு முழுதும் வேலை கொடுக்கின்றன. ஈரோடும் கரூர் பரமத்தியும் மாநிலத்தின் அதிக வெப்பப் பட்டியலில் கோடை தோறும் வரும் ஊர்கள். கோவை நகரத்தில் சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதிகளில் கீசரும் சலவை இயந்திரமும் நீண்ட காலம் உழைக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பும் பல்லடம், காங்கேயம் பக்கத்து வீடுகளில் கீசரின் சுருளைக் கழற்றினால் சுண்ணாம்பு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். தண்ணீர் சுத்திகரிப்பானின் வடிகட்டியை ஆண்டு தவறாமல் மாற்றியாக வேண்டும். என்னோடு டெலிவரியில் இருந்த தம்பி ஒருவர், பொருத்துநர்களுக்கு உதவியாகப் போய்ப் போய்ச் செம்புக் குழாயின் வாயை விரிக்கக் கற்றிருந்தார். கடை மூடிய பிறகு ஒரு மூத்த மெக்கானிக்கிடம் ஓர் ஆண்டு கூலிக்கு நின்றார். இப்போது பெருந்துறைப் பக்கம் நாற்பது ஐம்பது வீடுகளின் ஆண்டுப் பராமரிப்பைத் தனியாகப் பார்க்கிறார். வெற்றிடப் பம்பும் அழுத்தமானியும் துளையிடும் இயந்திரமும் சேர்ந்து சில பத்தாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டன. நாள்பட்ட அனுபவத்தை மட்டும் நம்பாமல் முறையான பயிற்சியும் வேண்டும் என்பதை அழுத்திச் சொல்வேன்: இன்றைய குளிர்சாதனக் கருவிகளில் வரும் ஆர்-32 வாயு தீப்பற்றும் தன்மை உள்ளது, பழைய வாயுக்களைப் போல அதைக் கையாளக் கூடாது. அரசு ஐ.டி.ஐ.யில் குளிர்பதன மெக்கானிக் பிரிவு இரண்டு ஆண்டுப் படிப்பு. முப்பத்தைந்து வயதில் அது இயலாதவர் உற்பத்தி நிறுவனங்கள் தம் சேவை மையங்களில் நடத்தும் குறுகிய பயிற்சியையாவது பெற வேண்டும்.

பனியன் கம்பெனி வேலை உடனே கிடைக்கும், வாரக் கூலி கையில் வரும். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்தால் கடைச் சம்பளத்தை எட்டிவிடலாம். ஆனால் பவர் டேபிள் எனப்படும் தையல் இயந்திரம் ஓட்டத் தெரியாதவருக்குச் செக்கிங், பேக்கிங் போன்ற இடங்களே கிடைக்கும். 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கான இறக்குமதி வரியை 50 விழுக்காடாக உயர்த்தியபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றதை நாம் பார்த்தோம். அப்போது முதலில் நிறுத்தப்படுபவர் கடைசியாகச் சேர்ந்தவர்.

சொந்தக் கடை என்ற யோசனை ஒவ்வொரு தீபாவளிக்குப் பிறகும் நம் ஆட்களுக்கு வருகிறது. மாவட்டத் தொழில் மையத்தின் வழியாக மானியக் கடன் கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் பல கிளைகளும் மொத்தக் கொள்முதலும் இருந்த நிறுவனமே தாங்க முடியாத லாப விகிதத்தில், நகையை அடகு வைத்துப் பத்துப் பெட்டி வாங்கி அடுக்கும் ஒருவர் எப்படித் தாங்குவார்? உதிரிப் பாகமும் பழுதுபார்ப்பும் சேர்ந்த சிறு கடை என்றால் நான் மறுக்க மாட்டேன். புதுப் பெட்டி விற்கும் கடை என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

இந்த ஒப்பீடு முழுவதும் ஆணின் கால்களை வைத்தே செய்யப்பட்டிருக்கிறது என்று எங்கள் பில் பிரிவில் இருந்த அக்கா ஒருவர் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை. அவர் சிவகிரியிலிருந்து வந்துபோனார். கடை பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது, இரவு 9 மணிப் பேருந்தைப் பிடித்துவிடுவார், ஆகவே வீட்டில் அனுமதி இருந்தது. அடுத்த கடை ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் இரண்டு பேருந்து மாற வேண்டியிருந்தால் அவருக்கு அது வேலையே ஆகாது. அவர் கடைசியில் தேர்ந்தது ஊரிலேயே ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் தற்காலிகக் கணக்கெழுத்து வேலை; சம்பளம் முன்பு வாங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு. பேருந்துச் செலவும், மகளிர் குழுத் தவணைக்கு மாதக் கடைசியில் கைமாற்று வாங்குவதும் நின்றுபோனதால் கையில் தங்குவது ஏறத்தாழ அதேதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் பதினேழு பேரின் "இ" படிவத்துக்குப் பிரதிநிதியாகக் கையெழுத்திட்டவரும் அவர்தான். ஒவ்வொருவரின் சேர்ந்த தேதியும் கடைசிச் சம்பளத் தேதியும் பிடித்தம் செய்த தொகையும் ஒரு நீளமான பேரேட்டில் அவர் கையெழுத்தில் இருந்தன. கடையின் கணினி அணைக்கப்படுவதற்கு முந்தின வாரம், மதிய உணவு நேரங்களில் உட்கார்ந்து அவர் எழுதி வைத்தவை அவை.